டுக்னாட்டுக்கு விலை போட்டால்

வசந்தம் வந்தால் வெஸ்ட்லியில் ப்ளொக் வாசற்கதவுகளில் ஒரு கடதாசி தொங்கும்: டுக்னாட். ஊரில சிரமதானம் எண்டு சொல்லுவமே, அதேதான். குப்பை கூட்டி, வாங்குக்குப் பெயின்ற் அடிச்சு, கடைசியில எல்லாருமாச் சேர்ந்து பொல்சயும் கோப்பியும். 2004இல் நோர்வேயின் தேசியச் சொல்லாக மக்கள் தெரிவு செய்ததும் இதைத்தான்.

இந்த முறை எங்கட பொரெத்ஸ்லாக் கூட்டத்தில ஒரு யோசனை வந்தது. டுக்னாட்டை விட்டிட்டு வேலையை ஒரு கம்பனிக்குக் குடுப்பம், மாதாந்தப் பொதுச்செலவைக் கொஞ்சம் கூட்டினால் சரி. கேட்க நியாயமாத்தான் இருக்கு. சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி, நடன வகுப்பு, உதைபந்தாட்டம், எங்க நேரம்?

பார்னஹாகவுக்கு மூச்சிரைக்க ஓடுற எங்களுக்கு நல்லா விளங்கக்கூடிய ஓர் ஆய்வு இருக்கு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நடந்தது. நீசி, ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்டார்கள். சில நிலையங்களில், பிந்தி வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் தண்டம் போட்டார்கள். பிந்துறது குறையேல்ல, ஏறக்குறைய இரண்டு மடங்காச்சு! முந்தி ஆசிரியை காத்திருக்கிறாவே எண்டு கூச்சப்பட்டவை, இப்ப காசு குடுக்கிறம்தானே எண்டு ஆறுதலா வந்திச்சினம். தண்டத்தை நிப்பாட்டின பிறகும் பழைய நிலை திரும்பேல்ல.

எனக்குப் பயம் அந்தக் கடைசி வரியில்தான். பொரெத்ஸ்லாகில் எங்களுக்கு உள்ளது ஒரு பங்கும், வீட்டில் இருக்கும் உரிமையும். முற்றமும் ஊஞ்சலும் எல்லாருக்கும் பொது. கம்பனி வந்தால் முற்றம் இன்னும் துப்புரவாக்கூட இருக்கலாம். ஆனால் ஊஞ்சல் உடைஞ்சால், "கம்பனிக்கு மெயில் போடுங்கோ" எண்டு தாண்டிப் போயிடுவம். 80களில் வந்த எங்கட அப்பா அம்மாக்கள் பலர் பக்கத்து வீட்டாரோட முதல் கதைச்சதே தும்புத்தடியும் கையுமாத்தான். அதுக்குக் கம்பனி பில் போட ஏலாது.

பொதுச் சொத்துகளைப் பயன்படுத்துறவர்களே விதி போட்டு நீண்டகாலம் காக்க முடியும் என்று பல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களையும் நீர்ப்பாசனத்தையும் வைத்துக் காட்டியவர் எலினோர் ஒஸ்ட்ரம். 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது.

வெஸ்ட்லியில் இன்னொரு பொதுச் சொத்து, மெட்ரோவின் இந்தக் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி நடந்தால் வரும் காடு. நிலம் ஆருடையதா இருந்தாலும் அதில் நடக்கலாம், புளூபெரி பறிக்கலாம். டிக்கெட் இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் காக்குது. முற்றத்து டுக்னாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அது கட்டாயமும் இல்லை. பழக்கம்தான் அதைத் தாங்குது.

வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்தில. நான் எதிர்த்துத்தான் போடுவன். சனிக்கிழமை வேலைக்குப் போறவையும் வரக்கூடியதா, ஒரு கிழமைநாள் பின்னேரமும் டுக்னாட் வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கிறன்.