களை மண்டிய குளத்தில் கெண்டை பிடிப்பது எப்படி?

மீன்குஞ்சு விட்டு, தவிடும் புண்ணாக்கும் இட்டு ஓராண்டு வளர்த்த உழவர், அறுவடை நாளன்று வலையை இழுக்கிறார். கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் ஓரளவு வருகின்றன. ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை ஆகியவற்றில் பெரும்பகுதியைக் காணோம். அவை எங்கும் போய்விடவில்லை. வேலம்பாசிக்குள்ளும், நீரில் மூழ்கிய கருவேலங்கட்டைகளுக்கு இடையிலும் பதுங்கி நிற்கின்றன. அங்கே வலை செல்லாது. சென்றால் கிழிந்துதான் திரும்பும். வலை போயிற்றே என்று ஆளை உள்ளே இறக்குவது அதனினும் தீங்கு. கொடி காலைச் சுற்றிக்கொண்டால், நன்கு நீந்தத் தெரிந்தவரும் உயிரிழக்க நேரிடும்.

எனவே, இத்தகைய குளங்களில் ஒரு விதியை மறவாதீர்கள். புதருக்குள் புகுந்து மீனைப் பிடிக்க முயல வேண்டாம். மீனைத் திறந்த நீருக்கு வரவழையுங்கள்.

மீன் அங்கே சேருவது ஏன்?

நிழல், இரை, பாதுகாப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. கட்டைகளிலும் செடித் தண்டுகளிலும் படியும் பாசியை ரோகு மேயும். அடியில் மட்கும் இலைதழைகளையும் புழுக்களையும் மிர்காலும் சாதாக்கெண்டையும் தேடி உண்ணும். சாதாக்கெண்டையின் முட்டை ஒட்டும் தன்மையுடையது. அதனை நீர்ச்செடிகளின் மேல் இடுவதற்காக, இனப்பெருக்கக் காலத்தில் அது கரையோரக் களைகளை நாடி வரும். புல்கெண்டைக்கோ வேலம்பாசியே உணவு. நீர்க்காகம் போன்ற எதிரிகளிடமிருந்து தப்பவும் புதர் உதவுகிறது.

களையில் வழி திறத்தல்

அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே, கரையிலிருந்து திறந்த நீர்வரை களையை வாரி அகலமான வழி ஒன்று அமையுங்கள். நீண்ட மூங்கில் கழியில் கட்டிய கொக்கி அல்லது முள்கம்பி சுற்றிய கயிறு இதற்குப் போதும். கரையில் நின்றே இழுக்கலாம். வாரிய களையைக் குளத்தில் விடாமல் கரையேற்றி எருக்குழியில் இடுங்கள். வேலம்பாசியின் துண்டு ஒவ்வொன்றும் மீண்டும் துளிர்க்கும்.

ஒரே நாளில் குளம் முழுவதையும் கலக்கக் கூடாது. நீர்ச்செடிகள் பகலில் பிராணவாயுவை வெளியிடும். இரவில் அவையும் அதனைச் சுவாசிக்கும். ஆதலால் விடியற்காலையில் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். அழுகும் களையும் கலங்கிய சேறும் அதனை மேலும் குறைத்துவிடும். காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால், களை எடுப்பதையும் தீவனத்தையும் அன்று நிறுத்துங்கள். புதுநீர் பாய்ச்சுங்கள், அல்லது மோட்டாரால் குளத்து நீரையே இறைத்து, உயரத்திலிருந்து தெறித்து விழச் செய்யுங்கள்.

தீவனத்தால் பழக்குதல்

கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் சம எடையில் பிசைந்து, துளையிட்ட பையில் இட்டு, கழியில் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் களையின் ஓரத்தில் வையுங்கள். மீன் பழகியதும், நாள்தோறும் சிறிது தூரம் திறந்த நீர்ப் பக்கம் நகர்த்துங்கள். இடம் மாறினாலும் நேரம் மாறக் கூடாது. அறுவடைக்கு முன்னர் சில நாட்கள் அளவைக் குறையுங்கள். பசியுள்ள மீன் தயங்காமல் வெளியே வரும்.

வலை போடும் முறை

களைக்கும் தீவன இடத்திற்கும் நடுவே, களையின் ஓரத்தை ஒட்டிச் செவுள்வலையைக் கட்டுங்கள். புதருக்குத் திரும்பும் மீன் அதில் சிக்கும். மறுபுறம் கரையிலிருந்து கழியால் நீரை அடித்தால், உள்ளே நிற்பவையும் வெளிப்படும். திறந்த பகுதியில் இழுவலையைப் பயன்படுத்தும்போது அடிக்கயிறு தரையோடு படிந்து வரவேண்டும். சற்றே தூக்கினாலும் சாதாக்கெண்டையும் மிர்காலும் சேற்றோடு ஒட்டி அடியில் நழுவிவிடும்.

தூண்டில் போடுவோருக்கு

வலை எட்டாத மூலைகளுக்குத் தூண்டிலே ஏற்றது. இரையைக் கட்டைகளுக்கு நடுவே எறியாதீர்கள். அவற்றிற்கு வெளியே சில அடி தள்ளிப் போடுங்கள். உறுதியான நரம்பையே பயன்படுத்துங்கள். தூண்டிலை ஊன்றிவிட்டு அகலக் கூடாது. இரையைக் கவ்விய கெண்டை முதலில் ஓடுவது புதருக்குத்தான். அந்த முதல் ஓட்டத்தைத் தடுத்து, கழியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்து மீனைத் திருப்புங்கள்.

அப்படியும் மீன் கொடிக்குள் புகுந்துவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். நரம்பைத் தளர்த்திச் சற்று நேரம் காத்திருங்கள். இழுப்பு நின்றதும் மீன் தானாகவே நகரத் தொடங்கும். அப்போது மெதுவாக இழுங்கள். ஈயக்குண்டை மெல்லிய நூலால் தனியே கட்டுவது நல்லது. குண்டு கட்டையில் மாட்டினால் நூல் மட்டும் அறும். இல்லையேல் நரம்பு அறுந்து, மீன் கட்டையோடு கட்டுண்டு வீணே மடியும்.

அடுத்த பருவத்திற்கு முன்

கோடையில் குளம் வற்றும்போது கட்டைகளையும் சீமைக்கருவேலையும் வேரோடு அகற்றி, தரையை உழுது காயவிடுங்கள். திருட்டைத் தடுக்க முள் போடுவோர், ஒவ்வொரு கட்டிலும் கயிறு பிணைத்து அதன் நுனியைக் கரையில் கட்டிவைத்தால், அறுவடைக்கு முன்னர் இழுத்துவிடலாம். 1959-ஆம் ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட புல்கெண்டை, வேலம்பாசியைக் கட்டுப்படுத்தச் சிறந்த துணை. ஆனால் மிகச் சிறிய குஞ்சுகள் களையை மேய்வதில்லை. சற்று வளர்ந்தவற்றையே விடுங்கள். ஆகாயத்தாமரையை அது விரும்பி உண்ணாது. அதனைப் பூப்பதற்கு முன்பே கையால் அகற்றுவதே வழி. மீனுள்ள குளத்தில் களைக்கொல்லியைத் தாமாகத் தெளிக்க வேண்டாம்.

பொதுக்குளமாயின் குத்தகைதாரரின் இசைவு பெற்றே இறங்குங்கள். வேலைக்குத் தனியாகச் செல்லாதீர்கள். வலை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். சிக்காத மீன் நாளைக்கும் குளத்தில்தான் இருக்கும். அதற்காக ஓர் ஆளைக் கொடிக்குள் இறக்க வேண்டாம்.