கூரைக்குப் போன சட்டைகள்

மைக்கேல் ஜோர்டான் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது அவர் சட்டையில் இருந்த எண் 23. கரீம் அப்துல் ஜபார், லூ அல்சிண்டர் என்ற பழைய பெயரில் யு.சி.எல்.ஏ.வுக்கு ஆடியபோது 33. லாரி பேர்ட் இண்டியானா ஸ்டேட்டில் 33. அவரை 1979 இறுதிப் போட்டியில் வீழ்த்திய மேஜிக் ஜான்சனும் மிச்சிகன் ஸ்டேட்டில் 33. ஜார்ஜ்டவுனின் பேட்ரிக் யூயிங் 33, எல்.எஸ்.யு.வின் ஷகீல் ஓ'நீல் 33. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய தலைகள் இப்படி ஒரே எண்ணில் வந்து குவிந்ததற்கு ரசனை மட்டும் காரணமல்ல. எடுத்துக்கொள்ள எண்களே குறைவு. அங்கே அப்போது 7 கிடையாது, 18 கிடையாது, 36 கிடையாது, 49 கிடையாது. 6, 7, 8, 9 ஆகிய நான்கு இலக்கங்களுக்கும் பல பத்தாண்டுகள் தடை இருந்தது.

தடைக்குக் காரணம் நடுவரின் விரல்கள். ஒருவர் ஃபவுல் செய்தால் அவருடைய எண்ணை நடுவர் ஸ்கோர் மேஜையில் இருப்பவருக்குக் கையால் காட்ட வேண்டும். ரசிகர்கள் போடும் கூச்சலில் வாயால் சொன்னால் எடுபடாது. ஓர் இலக்கத்துக்கு ஒரு கை. மூடிய முஷ்டி பூஜ்யம், விரித்த கை ஐந்து. 7 என்று காட்ட வேண்டுமென்றால் ஒரு கையில் ஐந்தும் மறு கையில் இரண்டும் நீட்ட வேண்டும். அதை மேஜையில் இருப்பவர் 52 என்று படித்துவிட்டால், பாவம் செய்யாதவர் கணக்கில் ஃபவுல் ஏறும். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டிய ஆட்டம் இது. ஆகவே ஐந்து விரலில் அடங்காத இலக்கமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

இதைக் கணக்கு வாத்தியார் பார்த்தால் சிரிப்பார். ஒவ்வொரு கைக்கும் ஆறு நிலைகள், இரண்டு கைகளுக்கு ஆறை ஆறால் பெருக்கி 36 எண்கள். பத்தடிமான உலகத்தின் நடுவே ஆறடிமான எண்முறை ஒன்று யாரும் திட்டமிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறடிமானத்தில் படித்தால் ஜோர்டானின் 23 நம்முடைய 15. அதன் உச்ச எண்ணான 55 நம்முடைய 35. கூடவே 00 என்ற எண்ணும் உண்டு. ஆனால் 0, 00 இரண்டையும் ஒரே அணி ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆக, ஓர் அணி ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிந்தவை 36 மட்டுமே.

இந்த 36-ஐ மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ஒரு சட்டைக்கு 'ஓய்வு' கொடுப்பது ஏன் இவ்வளவு வாக்குவாதத்தைக் கிளப்புகிறது என்பது புரியும். நம் ஊரில் தோனியின் 7, டெண்டுல்கரின் 10 ஆகியவற்றை இனி யாரும் அணிய வேண்டாம் என்று கிரிக்கெட் வாரியம் சொன்னால் இழப்பு ஒன்றுமில்லை. மிச்ச எண்கள் ஏராளம். கல்லூரிக் கூடைப்பந்திலோ ட்யூக் பல்கலைக்கழகம் ஆண்கள் அணியில் இதுவரை 13 எண்களை விளையாட்டிலிருந்து எடுத்திருக்கிறது. அத்தனையும் அந்த ஆறடிமானப் பட்டியலிலிருந்து போனவை. அணியில் பதின்மூன்று, பதினைந்து பேர் இருப்பார்கள். விரல் தடை நீடித்திருந்தால், இன்னும் ஒரு தலைமுறை நாயகர்களுக்குப் பிறகு புதுமுகத்துக்குச் சட்டை இருந்திருக்காது.

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சட்டைக்கு ஓய்வு, எண்ணுக்கு அல்ல. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான். அரங்கின் உச்சியில் பெயரும் எண்ணும் தொங்கும். கீழே அதே எண்ணை ஒரு முதலாண்டு மாணவன் அணிந்து ஓடுவான். 1998 ஜனவரியில் வில்ட் சேம்பர்லினின் 13-ஐ அங்கே ஏற்றினார்கள். அவர் கல்லூரியை விட்டுப் போய் 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1957 இறுதிப் போட்டியில் மூன்று கூடுதல் நேரம் போய், 54-53 என்று ஒரே புள்ளியில் வட கரோலினாவிடம் தோற்றதற்காக ஊர் தன்மேல் கோபமாக இருக்கிறது என்று அவர் நெடுங்காலம் நினைத்திருந்தார். பழைய கல்லூரி மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து கண்கலங்கினார்.

அந்த 1957 இறுதிப் போட்டியே விருதுகளின் குழப்பத்துக்கு நல்ல பாடப்புத்தகம். வென்ற அணியின் நட்சத்திரம் லென்னி ரோசன்புளூத். வழக்கமான நேரம் முடியும் முன்பே ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே போய்விட்டார். ஹெல்ம்ஸ் அறக்கட்டளை அவரைத்தான் ஆண்டின் சிறந்த வீரர் என்றது. ஆனால் இறுதிச் சுற்றின் தலைசிறந்த வீரர் பட்டம், தோற்ற சேம்பர்லினுக்கு. இரண்டு தீர்ப்புக்கும் நியாயம் உண்டு. இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் இடிக்கிறது.

வட கரோலினாவின் வழி வேறு. எந்த எண்ணை எடுப்பது என்று தாங்களே விவாதித்து ஊர்ப்பகை சம்பாதிக்காமல், தீர்ப்பை வெளியாட்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அசோசியேட்டட் பிரஸ், கூடைப்பந்து எழுத்தாளர் சங்கம், பயிற்சியாளர் சங்கம், ஸ்போர்ட்டிங் நியூஸ், நெய்ஸ்மித், வுடன் ஆகிய ஆறு தேசிய விருதுகளில் ஒன்றையாவது வாங்கியிருந்தால் எண் எடுக்கப்படும். இல்லையென்றால், எவ்வளவு பெரியவரானாலும், சட்டை தொங்கும், எண் புழக்கத்திலேயே இருக்கும். அப்படித் தொங்குபவை நாற்பதுக்கும் மேல். வின்ஸ் கார்ட்டரின் 15 அவற்றில் ஒன்று. எண்ணோடு போனவை ஏழே ஏழு. அந்த ஆறு விருதுகளுக்கு வெளியிலிருந்து எட்டாவதாக ஒரு சட்டையும் இருக்கிறது. 1920களில் ஆடிய ஜாக் காப் என்பவருடையது. அதில் எண்ணே இல்லை. அந்தக் காலத்துச் சட்டைகளில் எண் போடவில்லை. அவருக்கு 1926-ன் சிறந்த வீரர் என்ற பட்டத்தைக் கொடுத்த ஹெல்ம்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டதே 1936-ல்தான். பின்னோக்கிப் பார்த்துக் கொடுத்தார்கள். இல்லாத எண்ணுக்கு ஓய்வு, ஆடிய காலத்தில் இல்லாத விருதின் பேரில்.

சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஆறு விருதுகள் தங்களுக்குள் ஒத்துப்போனால்தானே? 1988-ஐப் பாருங்கள். பிராட்லி பல்கலைக்கழகத்தின் ஹெர்சி ஹாக்கின்ஸ் ஆட்டத்துக்கு 36.3 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடம். அசோசியேட்டட் பிரஸ் விருது அவருக்கு. வுடன், நெய்ஸ்மித் விருதுகள் கான்சஸின் டேனி மேனிங்குக்கு. அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பு தேசியத் தொடர் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகு, அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்கள் தோற்றிருந்த அணியை மேனிங் இறுதிப் போட்டிவரை இழுத்துச் சென்றார். அதில் 31 புள்ளிகளும் 18 ரீபவுண்டும் எடுத்துக் கோப்பையை வென்றார். வாக்குச்சீட்டின் தேதியை மூன்று வாரம் தள்ளிப் போட்டிருந்தால் அந்த விருதும் வேறு வீட்டு அலமாரியில் இருந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

தேதிச் சிக்கலையாவது விளக்கிவிடலாம். இன்னும் ஆழமானது அளவைச் சிக்கல். கூடைப்பந்தில் களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருவர் பந்தைக் கூடையில் போடுகிறார் என்றால், இன்னொருவர் எதிராளியை மறித்து வழிவிட்டிருப்பார், மூன்றாமவர் மூலையில் நின்று ஒரு தடுப்பாளரைத் தன்பக்கம் இழுத்திருப்பார். புள்ளி ஒருவர் பேரில்தான் ஏறும். இதைச் சரிசெய்யப் புள்ளியியலாளர்கள் வேறு கோணத்தில் யோசித்தார்கள். ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எவ்வளவு முன்னேறியது, உட்கார வைத்தபோது எவ்வளவு பின்தங்கியது என்று கணக்கிடுவது. கூட ஆடியவர்கள், எதிரே நின்றவர்கள் எல்லாருடைய பங்கையும் சமன்பாடுகளில் போட்டுக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அவருடைய பங்கு.

கேட்க அழகாக இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் இது தடுமாறுகிறது. ஒரு பருவத்துக்கு முப்பத்தைந்து ஆட்டம் போல்தான். முதல் ஐவர் பெரும்பாலும் சேர்ந்தே இறங்குவார்கள், சேர்ந்தே உட்காருவார்கள். சாம்பாரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தினமும் ஒன்றாகவே விழுந்தால் மணம் எதனுடையது என்று சொல்ல முடியுமா? என்றாவது ஒருநாள் ஒன்று மட்டும் விழ வேண்டும். அப்படிப்பட்ட நிமிடங்கள் போதாதபோது சமன்பாடு ஏதோ ஒரு விடையைத் தரும். அதை நம்பிப் பந்தயம் கட்டக் கூடாது.

அதிர்ஷ்டத்தின் பங்கும் நாம் நினைப்பதைவிடப் பெரிது. ஒரு வீரருடைய உண்மையான திறமை, மூன்று புள்ளி வீச்சில் நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் அவர் 200 முறை வீசுகிறார். நிகழ்தகவுக் கணக்கின்படி, திறமை துளியும் மாறாமலே அவருடைய சதவீதம் இயல்பாக 36.5-க்கும் 43.5-க்கும் நடுவே ஊசலாடும். மூன்றில் ஒரு தடவை அந்த எல்லையையும் தாண்டிப் போகும். 37-ஐச் சராசரி என்பார்கள், 43-ஐ அபாரம் என்பார்கள். 2006-ல் கன்சாகாவின் ஆடம் மாரிசன் ஆட்டத்துக்கு 28.1 புள்ளி, ட்யூக்கின் ஜே.ஜே. ரெடிக் 26.8. இருவரில் யார் மேல் என்று நாடே இரண்டுபட்டது. பயிற்சியாளர் சங்கம் விருதை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தது. கோழைத்தனம் என்று சிலருக்குப் பட்டிருக்கலாம். புள்ளியியல் தெரிந்தவருக்கு அதுதான் ஒழுங்கான விடை.

காலம் விட்டுக் காலம் ஒப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். எல்.எஸ்.யு.வின் பீட் மராவிச் 1970-ல் முடித்தபோது 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள், ஆட்டத்துக்கு 44.2. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பதால் மூன்றே ஆண்டுகள். மூன்று புள்ளிக் கோடு அப்போது கிடையாது. 2023-ல் டெட்ராய்ட் மெர்சியின் ஆண்டுவான் டேவிஸ் ஐந்து பருவங்கள், 144 ஆட்டங்கள் ஆடி 3,664-ல் நின்றார். மூன்று புள்ளி குறைவு. மறு ஆண்டு அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் மராவிச்சைத் தாண்டி, 139 ஆட்டங்களில் 3,951-ல் முடித்தார். 2025 பிப்ரவரியில் அயோவா அவருடைய 22-க்கு ஓய்வு கொடுத்தது. மராவிச்சைவிட 56 ஆட்டம் கூடுதல் என்பார் ஒருவர். கிளார்க் காலத்துத் தடுப்பாட்டத்தை மராவிச் பார்த்ததே இல்லை என்பார் இன்னொருவர். எல்.எஸ்.யு. மராவிச்சின் 23-ஐக் கூரைக்கு ஏற்றியது 2007-ல், அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து.

எண்ணப்படாதது என்ன ஆகும் என்பதற்கு பில் ரஸ்ஸலைவிடப் பெரிய சாட்சி இல்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் எண் 6. விரல் தடைக்கு முந்தைய காலத்து எண் அது. மூன்று பருவங்களின் சராசரி 20.7 புள்ளி, 20.3 ரீபவுண்ட். ஆனால் அவருடைய உண்மையான கலை, எதிராளி எறிந்த பந்தைக் காற்றிலேயே தட்டிப் பறிப்பது. கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. அந்தத் தட்டலை அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1985-86 பருவத்தில்தான். 1955-ல் ரஸ்ஸல் தன் அணிக்குத் தேசியக் கோப்பையை வாங்கித் தந்தார். இறுதிச் சுற்றின் தலைசிறந்த வீரரும் அவர்தான். ஆனால் அதே பருவத்துக்கு, வட கலிபோர்னியாவின் சிறந்த வீரர் என்று சாண்டா கிளாராவின் கென்னி சியர்ஸுக்கு விருது கொடுத்தார்கள். நாட்டில் முதல்வர், சொந்த வட்டாரத்தில் இரண்டாமவர்!

யாரோ சிலர் கூடி வாக்குப் போடுவது கருத்து. கோப்பை மட்டும்தான் மறுக்க முடியாத வரலாறு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டதாக ரஸ்ஸல் பிற்காலத்தில் சொன்னார். மறு ஆண்டும் கல்லூரிக் கோப்பை, அதே ஆண்டு ஒலிம்பிக் தங்கம், பிறகு என்.பி.ஏ.வில் 13 பருவங்களில் 11 கோப்பைகள். கூடைக்கு அடியிலேயே அவர் நின்று ஆள்வதைத் தடுக்க, கல்லூரி ஆட்டத்தில் கூடையின் கீழுள்ள பாதையை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். என் கணக்கில் எந்த விருதையும்விட இது பெரிய பாராட்டு.

கோப்பைகூட மறுக்க முடியாத வரலாறு அல்ல என்பது வேறு கதை. 2013-ல் லூயிவில் வென்ற பட்டத்தை, விதிமீறலுக்காக 2018-ல் என்.சி.ஏ.ஏ. ரத்துசெய்தது. அந்த இறுதிச் சுற்றின் தலைசிறந்த வீரர் லூக் ஹான்காக்கும் சக வீரர்களும் வழக்குப் போட்டார்கள். 2019-ல் சமரசம், அவருடைய விருது திரும்ப வந்தது, கோப்பை வரவில்லை. வென்றவரே இல்லாத ஒரு தொடருக்குத் தலைசிறந்த வீரர் மட்டும் இருக்கிறார்.

2023-24 பருவத்திலிருந்து ஆண்கள் ஆட்டத்தில் 0 முதல் 99 வரை எந்த எண்ணும் அணியலாம் என்று விதி மாறிவிட்டது. எண் பஞ்சம் தீர்ந்தது. கூரைக்குப் போகும் வாசல் அகலமாகும் என்று எதிர்பார்த்தால், ட்யூக்கில் அதைக் காப்பது வேறொரு பூட்டு: பட்டம் வாங்கியிருக்க வேண்டும். எல்டன் பிராண்ட் 1999-ல் நாட்டின் சிறந்த வீரர். இரண்டாம் ஆண்டோடு கிளம்பினார், அவருடைய எண் எடுக்கப்படவில்லை. 2019-ல் சயான் வில்லியம்சன் ஒரே ஆண்டு ஆடி எல்லா விருதையும் அள்ளினார். அவர் அணிந்த 1 அடுத்தடுத்த மாணவர்களிடம் போய்விட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகமோ ஒரே ஆண்டு ஆடிய கெவின் டுராண்டின் 35-க்கு ஓய்வு கொடுத்துவிட்டது. பல்கலைக்கழகம் என்ற பெயரை வைத்துக்கொண்டு பட்டத்தைக் கேட்பதில் எனக்குப் பிழை தெரியவில்லை. வுடன் விருதுகூடக் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி கேட்கிறது. மூன்றாம் ஆண்டோடு கிளம்பிய ஜோர்டானும் திரும்பி வந்து 1986-ல் புவியியல் பட்டத்தை முடித்தவர்தான். 2025-ல் வுடன், நெய்ஸ்மித் இரண்டையும் முதலாண்டிலேயே வாங்கிய ட்யூக்கின் கூப்பர் ஃபிளாக் அந்தக் கோடையிலேயே டல்லஸ் அணிக்குப் போய்விட்டார். கூரையில் இடம் வேண்டுமென்றால், கோடிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டே அவர் பாக்கி மூன்று வருடப் பாடத்தையும் எழுதித் தேற வேண்டும்.