வைஸ்பியர்: ஜெர்மானியக் கோதுமை பியர்

வைஸ்பியர் என்பது தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வளர்ந்த கோதுமை பியர் வகை. ஜெர்மன் மொழியில் 'வைஸ்' என்றால் வெள்ளை, 'வைட்சன்' என்றால் கோதுமை. பவேரியர்கள் இதை வைஸ்பியர் என்றும், ஜெர்மனியின் பிற பகுதியினர் பெரும்பாலும் வைட்சன்பியர் என்றும் அழைக்கிறார்கள். ஈஸ்ட் வடிகட்டப்படாமல் கலங்கலாக வருவது ஹெஃபெவைட்சன். 'ஹெஃபெ' என்பது ஈஸ்ட்டைக் குறிக்கும் சொல். மதுச்சாரம் பொதுவாக 5 முதல் 5.5 விழுக்காடு வரை இருக்கும்.

வாழைப்பழத்தையும் கிராம்பையும் நினைவூட்டும் மணம், அடர்ந்த வெண்ணுரை, மிகக் குறைந்த கசப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். இவை நெடுநாள் நிற்பவை அல்ல. பெயர்பெற்ற ஆலையின் புட்டியைத் திறந்து குடித்துவிட்டு, "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களில் பலர் குடித்தது பழசாகிப்போன பியராகவே இருக்கும்.

மணம் எங்கிருந்து வருகிறது?

வைட்சன்பியர் என்ற பெயரில் விற்க வேண்டுமானால், பயன்படுத்தும் மால்ட்டில் குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும் என்பது ஜெர்மானிய விதி. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். மீதிக்குப் பார்லி மால்ட் சேர்க்கிறார்கள். அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. கோதுமை மணிக்கு உமி இல்லை. பார்லியின் உமிதான் ஊறிய தானியத்திலிருந்து சாற்றை வடிக்கும்போது இயற்கையான வடிகட்டியாக நிற்கிறது. உமி இல்லாவிட்டால் எல்லாம் களிபோல் அடைத்துக்கொள்ளும். கோதுமை தருவது புரதம். நுரை உயர்ந்து நிற்பதற்கும் பியர் கலங்கலாக இருப்பதற்கும் புரதத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் மணம் கோதுமையிலிருந்து வருவதில்லை. அது ஈஸ்ட்டின் வேலை. வைஸ்பியரில் வாழைப்பழமோ கிராம்போ சேர்க்கப்படுவதில்லை. ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் நொதிக்கும்போது ஈஸ்ட் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரை உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்கும் முதன்மையான காரணம் இதே பொருள்தான். கிராம்பு மணத்தின் கதை சற்று நீளமானது. தானியத்தின் செல்சுவரில் ஃபெரூலிக் அமிலம் பிணைந்திருக்கிறது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது 45 பாகையை ஒட்டிச் சிறிது நேரம் நிறுத்தினால் இந்த அமிலம் கூடுதலாக விடுபடும். வைஸ்பியர் ஈஸ்ட் அதை 4-வைனைல் குவாயகோல் என்ற பொருளாக மாற்றும். லாகர் பியருக்கான ஈஸ்ட்டுக்கு இந்தத் திறன் இல்லை. லாகரில் கிராம்பு மணம் வந்தால் ஆலையில் ஏதோ கோளாறு என்றே பொருள்.

நொதித்தல் முடிந்ததும், பழைய முறையைப் பின்பற்றும் ஆலைகள் நொதிக்காத மால்ட் சாற்றைச் சிறிதளவு சேர்த்துப் புட்டியில் அடைக்கின்றன. இதற்கு 'ஷ்பைசே', அதாவது உணவு என்று பெயர். ஈஸ்ட் அதைத் தின்று புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்கும். அதனால்தான் வைஸ்பியரில் கரிவளி மிகுதியாக இருக்கிறது.

அரச ஏகபோகம்

1516இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப் பூ, தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே பியருக்கு அனுமதித்தது. அந்தக் கணக்கில் கோதுமை பியர் சட்டத்துக்குப் புறம்பானது. ஆனாலும் டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்குத் தனி உரிமை வழங்கப்பட்டது. 1602இல் அக்குடும்பம் வாரிசில்லாமல் போனதும், கோமகன் முதலாம் மாக்சிமிலியன் உரிமையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு மியூனிக் முதலிய இடங்களில் கோதுமை பியர் ஆலைகளை நிறுவினார். கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்று குடிமக்களுக்குத் தடை. அரண்மனைக்கு அதே கோதுமையில் நல்ல வருமானம்! ஏகபோகம் 1798 வரை நீடித்தது.

பிறகு இருண்ட லாகர் பியர்களின் மோகத்தில் வைஸ்பியர் மங்கியது. 1872இல் கேயோர்க் ஷ்னைடர் என்பவர் இதை வடிக்கும் உரிமையை அரசர் இரண்டாம் லூட்விக்கிடமிருந்து பெற்றார். அவருடைய குடும்ப ஆலை இன்று கெல்ஹைம் நகரில் இயங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரை முதியவர்களின் பானமாகக் கருதப்பட்ட வைஸ்பியர், அதன்பின் பவேரியா முழுவதும் மீண்டும் பரவியது.

ஏன் பழசாகிறது?

புட்டியின் அடியில் ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் வைஸ்பியர் கெடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் பாதி உண்மை. ஈஸ்ட் எஞ்சிய ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் தொடக்கத்தில் பியருக்கு அது காவல். உணவு தீர்ந்தபின் நிலைமை மாறுகிறது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் செல்கள் நலிந்து உடைகின்றன. அவற்றின் நொதிகள் பியரில் கலக்கின்றன. சில நொதிகள் ஐசோஅமைல் அசிட்டேட்டைச் சிதைக்க, வாழைப்பழ மணம் தேய்கிறது. சில புரதங்களை அறுக்க, நுரை தளர்கிறது. கிராம்பு மணமும் நாளடைவில் குன்றுகிறது. ஆக்சிஜனேற்றத்தால் நனைந்த அட்டை போன்ற வாடை தலைகாட்டுகிறது. வெப்பம் கூடினால் இவையெல்லாம் விரைவாக நடக்கும்.

கசப்பு மிகுந்த பியர்களில் ஹாப் பூவின் வலுவான சுவை இத்தகைய குறைகளில் சிலவற்றை மறைத்துவிடும். வைஸ்பியரில் ஹாப் மிகக் குறைவு என்பதால் மறைக்க ஒன்றுமில்லை. மென்மையான மணம் போய்விட்டால் எஞ்சுவது இனிப்பு கலந்த ரொட்டிச் சுவை மட்டுமே.

இங்கேதான் ஏற்றுமதி சிக்கலாகிறது. கப்பல் கொள்கலனில் வாரக்கணக்கில் சூட்டில் பயணம் செய்து, கிடங்கில் காத்திருந்து, கடையின் விளக்கொளியில் நின்ற புட்டி, மியூனிக் விடுதியில் ஊற்றப்படும் பியரின் நிழல்தான். ஜெர்மானியப் புட்டிகளில் அச்சாகியிருக்கும் நாள் வடித்த நாள் அல்ல. அந்நாள் வரையாவது தரம் நிற்கும் என்று ஆலை தரும் உறுதி. அது பல மாதங்கள் தள்ளி இருக்கும். ஆகவே 'நாள் இன்னும் தாண்டவில்லை' என்பதைக் கொண்டு பியர் புதியது என்று சொல்லிவிட முடியாது. ஒரே பியரில் இரண்டு புட்டிகள் இருந்தால், அச்சிட்ட நாள் அதிகத் தொலைவில் இருப்பதே புதியது.

இன்னொரு அடையாளம் அடிமண்டி. புதிய ஹெஃபெவைட்சனை மெல்லச் சுழற்றினால் மண்டி புகைபோல எழும். பழையதில் அது அடியோடு ஒட்டிக் கட்டியாகியிருக்கும். மேலே பியர் தெளிந்து நிற்கும். வடிகட்டிய கிறிஸ்டல்வைட்சன் எப்போதும் தெளிவாகவே இருக்கும் என்பதால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

என் மதிப்பீட்டில், உள்ளூர்ச் சிற்றாலை ஒன்று மூன்று வாரங்களுக்கு முன் ஒழுங்காக வடித்த வைஸ்பியர், பத்து மாதம் அலைந்த புகழ்பெற்ற புட்டியைவிட மேல்.

ஊற்றும் முறை

புட்டியைக் குளிர்ச்சியான இருட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பரிமாற 6 முதல் 8 பாகை ஏற்றது. அதைவிடக் குளிர்ந்தால் மணம் எழாது. அடி குறுகி மேலே விரிந்த அரை லிட்டர்க் கண்ணாடிக் குவளையைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக மெதுவாக ஊற்றுவார்கள். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது புட்டியைச் சுழற்றி மண்டியைக் கலக்கி, கடைசியில் நுரையின்மேல் சேர்ப்பார்கள். அவசரப்பட்டால் குவளை முழுக்க நுரைதான். எலுமிச்சைத் துண்டு போடுவதைப் பவேரியர் பலர் விரும்புவதில்லை. அதன் தோலெண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். குவளைகளை மோதும்போது தடித்த அடிப்பகுதியை மோதுவதே அங்கு வழக்கம்.

மியூனிக்கில் இதன் பழைய துணை வெள்ளைத் தொத்திறைச்சி. காலையில் செய்த அந்த இறைச்சி நண்பகல் மணியோசையைக் கேட்கக் கூடாது என்பார்கள். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் அது அவ்வளவு விரைவில் கெட்டுவிடும். இரண்டும் ஒரே மேசையில் சேர்ந்தது பொருத்தம்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வைட்சன்பொக் என்ற வலுவான வகையில் மதுச்சாரமும் மால்ட்டும் கூடுதல். 1907 முதல் ஷ்னைடர் ஆலை வடித்துவரும் அவென்டினுஸ் இவ்வகைக்குப் பெயர்பெற்றது. குளிர்ந்த நிலவறையில் சில ஆண்டுகள் வைத்தால் அதன் வாழைப்பழ மணம் அடங்கி, உலர்ந்த அத்தி, திராட்சை போன்ற சுவைகள் முன்னே வரும்.