மொகுசோ: பயிற்சியின் இரு முனைகளிலும் அமையும் மௌனம்

முன்னுரை

கெண்டோ, கராத்தே, ஜூடோ முதலிய ஜப்பானியத் தற்காப்புக் கலைகளின் பயிற்சி, பல கூடங்களில் மௌனத்தில் தொடங்கி மௌனத்திலேயே முடிகிறது. இவ்வமர்வு 'மொகுசோ' எனப்படும். தமிழில் இதனைத் 'தியானம்' என்று பெயர்ப்பதுண்டு. அப்பெயர்ப்பு பொருந்துமா என்னும் வினாவை முன்வைத்து மொகுசோவின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பொருள்

'மொகு' என்பது பேசாமை. 'சோ' என்பது எண்ணுதல். ஜென் மடத்து அமர்வுக்கு 'ஸாஜென்' என வேறு பெயர் உண்டு. தியானம் என்னும் வடசொல்லே சீனத்தில் 'சான்' எனவும் ஜப்பானில் 'ஜென்' எனவும் திரிந்தது. எனவே மொகுசோவைத் தியானம் என்னும்போது நாம் அறியாமலேயே அதனை ஜென்னோடு ஒன்றாக்கிவிடுகிறோம். 'இது சமயச் சடங்கோ' என்று ஒரு மாணவரோ பெற்றோரோ தயங்குவதற்கும் இச்சொல் இடமளிக்கக்கூடும்.

நிகழும் முறை

கெண்டோ கூடத்தில் மாணவர் வரிசையாக நின்று, முதலில் இடமுழந்தாளையும் பின்னர் வலமுழந்தாளையும் தரையில் ஊன்றிக் குதிகால்களின்மேல் அமர்வர். எழும்போது வலக்கால் முந்தும். 'மொகுசோ' என்னும் ஆணை கேட்டதும் இடக்கையை வலக்கையின்மீது மல்லாத்தி வைத்துப் பெருவிரல் நுனிகளைச் சேர்ப்பர். இக்கைவடிவம் ஸாஜென்னிலும் உள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. கண்கள் மூடியோ பாதி மூடியோ இருக்கும். மூச்சு மூக்கின்வழி ஏறி மெல்ல நீண்டு வெளியேற, கவனம் தொப்புளுக்குக் கீழுள்ள 'தான்தென்' என்னும் இடத்தில் நிற்கும். 'யாமே' என்றதும் அமர்வு முடியும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களே இதற்குச் செல்லும்; மடத்து அமர்வின் நீளத்தோடு இதனை ஒப்பிட இயலாது.

முன்னும் பின்னும்

இரு அமர்வுகளும் தோற்றத்தில் ஒன்றே, செயலில் எதிரெதிரானவை. முன்னமர்வில் உடல் அமைதியாக இருக்கும், மனமோ வீட்டிலும் வீதியிலும் அலைந்துகொண்டிருக்கும். பின்னமர்வில் மனம் குவிந்திருக்கும், உடலோ வியர்த்து விம்மும். முன்னது மனத்தைக் கூடத்திற்குள் அழைத்துவருகிறது. பின்னதில் நீண்ட வெளிமூச்சு துணை பரிவு நரம்புமண்டலத்தைத் தூண்டுவதால் இதயத்துடிப்பு தணிகிறது. தான் எங்கே தடுமாறினோம் என்பதை மாணவர் மீள எண்ணிப் பார்ப்பதும் அப்போதுதான். ஆகவே 'எண்ணுதல்' என்னும் சொற்பகுதி பின்னமர்விலேயே முழுப்பொருள் பெறுகிறது என்பது என் கருத்து.

தக்குவான் மடல்

ஜென்-வாள் உறவுக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது, துறவி தக்குவான் சோஹோ (1573-1645) வாள்வீரர் யாக்யூ முனெநோரிக்கு எழுதிய மடலாகும். மனம் எதிரியின் வாளிலோ தன் வாளிலோ தங்கிவிட்டால் செயல் தடைப்படும் என்பது அதன் மையக் கருத்து. ஆனால் அம்மடல் பேசுவது மோதலின் நடுவே இயங்கும் மனத்தைப் பற்றி. மொகுசோ நிகழ்வதோ மோதலுக்கு வெளியே. இவ்வேறுபாட்டைக் கருதாமல் அம்மடலை மொகுசோவின் மூலமாகக் கொள்வது பொருந்தாது. மொகுசோவுக்கு 'மௌன அமர்வு' என்னும் எளிய பெயரே போதுமானது.

மடலின் கருத்துக்கு நெருக்கமானது 'சான்ஷின்', அதாவது அடித்த பின்னும் தளராத விழிப்பு. கெண்டோவில் அடி இலக்கில் சரியாக விழுந்தாலும் சான்ஷின் இல்லையெனில் அதற்குப் புள்ளி கிடைப்பதில்லை. அவ்விழிப்பைப் பயிற்சி முழுவதும் இறுகப் பிடித்திருந்த மாணவர், அதனைத் தளர்த்திவிட்டு வீடு திரும்புவதற்கான இடைவெளியாகவும் இறுதி மொகுசோ அமைகிறது.