மலர்ந்த முகத்துடன் ஆடிய மேதை

மாயவரத்தில் 1969 டிசம்பர் 11-ஆம் தேதி பிறந்து, தாயார் சுசீலா அம்மையாரிடம் சதுரங்கத்தின் முதற்பாடம் கேட்டு, 1988-இல் பாரதத்தின் முதல் கிராண்ட்மாஸ்டராகி, பின்னர் ஐந்து முறை உலக சாம்பியன் பட்டம் பெற்ற விசுவநாதன் ஆனந்தின் சரித்திரத்தில், என் உள்ளத்தை மிகவும் கவர்வது மணிலாவில் கழிந்த பால்யப் பருவத்துச் சம்பவமே.

அங்குள்ள தொலைக்காட்சியில் பகலில் ஒரு சதுரங்கப் புதிர் வரும். பிள்ளை பள்ளியில் இருக்கையில் தாயார் அதைக் குறித்துவைக்க, மாலையில் இருவரும் கூடி விடுவித்து அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம். பரிசுகள் ஓயாமல் ஒரே சிறுவனுக்குப் போகவே, வேண்டிய புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்பாதிருக்கும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்களாம்!

இந்த விருத்தாந்தத்தைச் சொல்லிச் சொல்லி மகிழும் சந்தோஷ சுபாவமே, சூசன் நினானுடன் அவர் எழுதி 2019-இல் வெளிவந்த ‘மைண்ட் மாஸ்டர்’ என்னும் சுயசரிதையிலும் நிறைந்திருக்கிறது. 2010-இல் எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஏறக்குறைய 40 மணி நேரம் சாலை மார்க்கமாகவே சோபியாவை அடைந்து, உலக சாம்பியன் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றும் எதிராளி தோபலோவை வென்றவர் அவர். 2013-இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தபின்னும், சிறிதும் கசப்பின்றி ஆடி, 2017-இல், 48-ஆம் வயதில், உலக அதிவேகச் சதுரங்கப் பட்டத்தை வென்றார்.

பிள்ளைக்குச் சதுரங்கப் பலகை வாங்கித் தரும் பெற்றோர், சுசீலா அம்மையாரைப்போலத் தாமும் எதிரே அமர்ந்து ஆடுமாறு வேண்டுகிறேன்.