மார்பக நீக்க அறுவை: இல்லத்தில் ஆயத்தமும் மீட்சியும்

சிங்கப்பூர்ப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. மலேசியாவிலும் நிலைமை அதுவே. மொழி வளர்ச்சிக்கான பொழிவு வரிசையில் மருத்துவப் பொருளுக்கு இடமேன் என வினவுவோர்க்கு நாம் கூறும் விடை எளியது. ஆங்கிலம் இயல்பாக வராத தாயோ பாட்டியோ மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது, அறுவை மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு பெரும்பாலும் உடன்செல்லும் மகளிடமோ பேரனிடமோ வந்து சேர்கிறது. அப்பிள்ளை பள்ளியில் தமிழ் பயின்றதுதான். ‘அறுவை சிகிச்சை’ என்னும் சொல் அதற்குத் தெரியும். ஆனால், அம்மாவின் மார்பிலிருந்து தொங்கப்போகும் குழாயைத் தமிழில் எவ்வாறு கூறுவது, அதில் வடியும் நீரை எப்படி அளந்து எழுதுவது என்பவை எந்தப் பாடநூலிலும் இல்லை. அவ்விடத்தில் சொல் தடுமாறினால் கைவைத்தியமும் தடுமாறும்.

முதலில் உறுப்பின் பெயரையே எடுத்துக்கொள்வோம். முலை என்னும் சொல்லைப் பழந்தமிழ்ப் புலவர்கள் கூச்சமின்றி ஆண்டனர். தன் இடமுலையைத் திருகி மதுரைமேல் எறிந்தவளாகவே கண்ணகியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஞானசம்பந்தர் உமையம்மையின் முலைப்பால் உண்ட வரலாற்றைக் கோவில்களில் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகிறோம். ஆயினும், இன்று அச்சொல் வழக்கில் இழுக்காகிவிட்டது. அதற்கு மாற்றாக வந்த ‘மார்பகம்’ என்னும் நாகரிகச் சொல்லையும் மூத்த பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. “நெஞ்சுல ஏதோ கட்டி மாதிரி” என்பார்கள். நெஞ்சு என்பது இதயத்தையும் குறிக்கும், நெஞ்செலும்பையும் குறிக்கும். கேட்பவர் இதயப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டு வந்தால், அதில் சில வாரம் கழிந்துவிடும். ஆகவே, ‘மார்பகத்தில் கட்டி’ என்று தெளிவாகச் சொல்வதற்கு வீட்டில் உள்ளவர்கள் பழக வேண்டும்; ஆண்பிள்ளைகளுந்தான். ஆண்களுக்கும் அரிதாக இந்நோய் வருவதுண்டு.

மூத்தோரின் அச்சத்திற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1804ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர் ஹனாவோக்கா சேய்ஷூ, மூலிகை மயக்க மருந்து தந்து மார்பகப் புற்றுக் கட்டியை அகற்றினார். ஆனால், அக்கலை ஜப்பானுக்கு வெளியே பரவவில்லை. 1811இல் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி பாரிஸ் நகரில் முழு மயக்கமின்றியே மார்பகத்தை அறுத்து நீக்கிக்கொண்டார். அதன்பின்னும் 1840 வரை உயிர்வாழ்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறை, மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் ஒருசேர அகற்றியது. விலா எலும்பு தெரியும் குழிந்த மார்பும் வீங்கிய கையும் அம்முறையின் அடையாளங்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே கோலோச்சியது. 1971இல் பெர்னார்டு ஃபிஷர் குழுவினர் தொடங்கிய ஆய்வு, குறைவாக அறுத்தாலும் உயிர்காக்கும் பயன் குறைவதில்லை என்று நிறுவிய பின்னரே நிலைமை மாறிற்று. பாட்டி தன் இளமையில் எவரிடமோ கண்ட குழிந்த மார்பு வேறு. இன்று தசையைத் தொடாது மார்பகத் திசுவை மட்டும் நீக்கும் அறுவை வேறு. இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்வதே பாதி அச்சத்தைப் போக்கும். சிலருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிரியக்கம் தருவதே போதும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை சில உள. எந்தப் பக்கம், மார்பகம் முழுமையுமா, அக்குள் முடிச்சுகள் எத்தனை எடுக்கப்படும், மார்பக மறுவடிவமைப்பு அதே நாளிலா பின்னரா, வடிகுழாய் வைக்கப்படுமா, எத்தனை நாளில் வீடு திரும்பலாம் என்னும் இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு செல்வது நன்று. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு உதவி உண்டா என்றும் கேட்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கொண்டு தாயின் நோய்முடிவைத் தாய்க்கு உரைக்கச் செய்வது, எத்துணை நன்றாகத் தமிழ் அறிந்த பிள்ளையாயினும், சுமத்தத் தகாத சுமை என்பது நம் கருத்து.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச்செல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்று இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை எப்பொழுது நிறுத்துவது, நீரிழிவு மாத்திரையை அன்று காலையில் எடுப்பதா விடுவதா என்பவற்றை மருத்துவரே சொல்வார், நாமாக முடிவுசெய்யலாகாது. மருந்துப் பட்டியல் என்றதும் நம் மக்கள் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணத்தையும் இலேகியத்தையும், சீன மருந்துக் கடையில் வாங்கிய ஜின்செங்கையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவையும் மருந்துகளே. அவற்றுள் சில இரத்தப்போக்கை மிகுவிக்கக் கூடும். புகைபிடிப்பவர் அதை உடனே விட்டால் புண் ஆறுவது எளிதாகும்.

அறுவைக்கு முன் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். மூக்குத்தி, வளையல், மெட்டி ஆகியவற்றோடு தாலியும் அதில் அடங்கும். மின்கருவியால் இரத்தக்குழாய்களைச் சுடும்பொழுது உலோகம் தோலைச் சுட்டுவிடாதிருக்கவும், வீக்கத்தில் மோதிரம் இறுகாதிருக்கவும் இவ்வேற்பாடு. பல தாய்மார்கள் இந்த நொடியில்தான் அழுதுவிடுகிறார்கள். அறுவை அரங்கின் வாயிலில் தாதி கேட்கும்பொழுது பதறுவதைவிட, முதல்நாளே வீட்டில் சாமி படத்தின்முன் கழற்றி வைத்து மஞ்சள் கயிறு ஒன்றை அணிந்து செல்வது சிலரின் வழக்கம். கயிற்றை அனுமதிப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டு ஆயத்தத்தில் உடையே முதன்மை. கையைத் தலைக்குமேல் தூக்காமல் அணியக்கூடியதாக அது இருக்க வேண்டும். தலைவழியே அணியும் பாஜு கூரோங், டீ சட்டை முதலியவை சில வாரங்களுக்கு ஆகா. முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த நைட்டியே சிறந்தது. அதன் உட்புறம் இடுப்பருகே ஒரு பையைத் தைத்துவிட்டால் வடிகுழாயின் உருண்டையை அதில் வைக்கலாம். அடுத்தது சமையலறை. அரிசிப் பானை, மிளகாய்த்தூள், தேநீர்த் தூள் போன்றவற்றை மேலடுக்கிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். வீவக அடுக்குமாடிகளில் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் ஈரத்துணி உலர்த்தும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஈரத்துணி சுமந்த கழியைக் கைநீட்டித் தாங்குவது, தையலும் தோளும் ஒருங்கே நோகும் வேலையாகும்.

அறுவைக்குப்பின் பலர் ஓரிரு நாளிலேயே வீடு திரும்பிவிடுகின்றனர், பெரும்பாலும் வடிகுழாயோடு. முடிச்சுகளைக் கண்டறிய நீலச்சாயம் செலுத்தியிருந்தால் முதல் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், அஞ்ச வேண்டியதில்லை. மகிழுந்தில் திரும்பும்பொழுது சிறு தலையணை ஒன்றை மார்புக்கும் இருக்கைப் பட்டைக்கும் இடையே வைத்துக்கொண்டால் நோவு குறையும்.

வடிகுழாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘டிரெய்ன்’ என்னும் பெயரைக் கேட்டால் நம் முதியோர்க்கு நினைவில் எழுவது தெருவோரச் சாக்கடை. வடிகுழாய் என்றால் செயல் உடனே விளங்கும். மார்பகத் திசு இருந்த இடத்தில் ஏற்படும் வெற்றிடத்தில் குருதியும் நிணநீரும் ஊறும். அவை தேங்காதபடி மெல்லிய குழாயொன்றைத் தோல்வழியே வெளியில் விட்டு, நுனியில் கைக்குள் அடங்கும் நெகிழி உருண்டையைப் பொருத்துகிறார்கள். காற்றை வெளியேற்றி அழுத்திய நிலையில் உருண்டையை மூடினால், அது விரிய முயலும் இழுவிசையே நீரை உள்ளிருந்து இழுக்கிறது. உருண்டை உப்பிவிட்டால் இழுவை இல்லை. ஆகையால், நாள்தோறும் இருமுறை கையைச் சோப்பிட்டுக் கழுவி, மூடியைத் திறந்து, நீரை அளவுக்குவளையில் ஊற்றி, உருண்டையை நன்கு அழுத்திப் பிடித்தபடியே மூட வேண்டும். நேரம், மில்லிலிட்டர் அளவு, நிறம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். குழாய் இரண்டாயின் கணக்கும் இரண்டு. வீட்டிலுள்ள மாணவர்க்கு ஏற்ற பணி இது. கோடிட்ட குறிப்பேடு ஒன்று போதும். முதலில் சிவப்பாக இருக்கும் நீர் இளஞ்சிவப்பாகி, பின் வைக்கோல் நிறமாகும். ஒரு நாளுக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் குழாயை எடுப்பது பரவலான வழக்கம். மருத்துவருக்கு மருத்துவர் இவ்வளவு சற்று மாறும். உருண்டைக்கு மாறாகப் புட்டி பொருத்தியிருந்தால் அதை நாமே திறக்கலாகாது. பலதுறை மருந்தகத் தாதியோ மருத்துவமனைத் தாதியோ மாற்றித் தருவர்.

உடல்வெப்பம் 38 பாகைக்கு மேல் ஏறுதல், தையலைச் சுற்றிச் செம்மை பரவுதல், சீழ், துர்நாற்றம், உருண்டையில் திடீரெனச் செங்குருதி நிறைதல், குழாய் எடுத்தபின் மார்பில் நீர்கோத்து வீங்குதல் ஆகியன தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். மூச்சு முட்டினால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

இனி உணவு. புண் ஆறும்வரை முட்டை கூடாது, மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது எனப் பத்தியம் விதிக்கும் அத்தைமார் இல்லாத குடும்பம் அரிது. புதிய தசையும் தோலும் உருவாகப் புரதம் தேவை. புரதத்தை விலக்கும் பத்தியம் புண்ணுக்கு எதிரி. இவ்விடத்தில் மலாய்க்காரர்களும் சீனர்களும் நம்மைவிட வாய்ப்பாக நடந்துகொள்கின்றனர். ஹாருவான் என அவர்கள் சொல்லும் விரால் மீனைச் சூப்பாக வைத்துக் கொடுப்பது இவ்வட்டாரத்தின் பழைய கைமுறை. அதற்குத் தனிப்பட்ட குணம் உண்டோ இல்லையோ, புரதம் உண்டு. மரக்கறி உண்போர்க்குப் பருப்பும் தயிரும் தௌவும் உள்ளன. நீரிழிவு உடையோர் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தால் புண் விரைந்து ஆறும். நோவு மருந்துகள் மலச்சிக்கலைத் தரும் என்பதால் தண்ணீரும் கீரையும் கூடுதலாக வேண்டும்.

கையை அசைக்காமல் மார்போடு அணைத்து வைத்துக்கொள்வது இயல்பான தற்காப்பு. ஆனால், அதுவே தோளை இறுகச் செய்துவிடும். முதல்நாள் தொட்டே விரல்களை மடக்கி விரிப்பதும் முழங்கையை நீட்டி மடக்குவதும் தலை வாருவதும் பயிற்சிகள். குழாய் உள்ளவரை தோள் உயரத்துக்கு மேல் கையைத் தூக்க வேண்டா எனப் பலரும் அறிவுறுத்துவர். குழாய் எடுத்து, மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ இசைந்தபின், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேல்நோக்கி ஊர்ந்து ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடிட்டால் நாளுக்கு நாள் ஏற்றம் தெரியும். வெண்பலகையின் மேல்வரியில் எழுதும் ஆசிரியைக்கு இப்பயிற்சியே பணிக்குத் திரும்பும் வழி. மாணவர் ஏடுகளின் கட்டைத் தூக்குவதை மட்டும் ஆறு வாரமளவேனும் பிறரிடம் விட வேண்டும்.

மேற்கையின் உட்புறம் மரத்துப்போதல் பலருக்கு உண்டு. அவ்வழியே செல்லும் உணர்நரம்பு அறுவையில் பாதிக்கப்படுவதே காரணம். இல்லாத மார்பகத்தில் அரிப்போ நோவோ தோன்றுவதும் உண்டு. அதைச் சொன்னால் பிறர் நகைப்பர் என்று பெண்கள் மறைக்கிறார்கள். அது மனப்பிரமையன்று, நரம்பின் இயல்பு. அக்குள் முடிச்சுகள் எடுக்கப்பட்டிருந்தால் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் கை வீங்கக் கூடும். வளையல் இறுகுதல், கை கனத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். கொதிக்கும் எண்ணெய், மீன்முள், தோட்ட வேலை ஆகியவற்றிலிருந்து அக்கையின் தோலைக் காப்பதும், கீறல் பட்டால் உடனே கழுவி மருந்திடுவதும் பழக்கமாக வேண்டும்.

பார்க்க வருவோர் பழம் கொண்டு வருவது நல்லது. தம் உறவில் இந்நோயால் இறந்தவர் கதையைக் கொண்டுவருவது வேண்டா. கண்ணாடியில் தழும்பை முதன்முறை காணும் நேரத்தைத் தெரிவுசெய்யும் உரிமை அப்பெண்ணுடையதே. உடன் கணவர் இருக்க வேண்டுமா, தாதி இருக்க வேண்டுமா, தனிமை வேண்டுமா என்பதும் அவருடைய தெரிவே. திசு ஆய்வறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதன்பின்னரே வேதிச்சிகிச்சை, கதிரியக்கம், இயக்குநீர் மாத்திரை ஆகியவற்றுள் எவை தேவை என்பது தெளிவாகும். காத்திருக்கும் அவ்வாரங்களே அறுவையைவிடக் கடினம் என்பார் உளர்.

புண் ஆறுமுன் பஞ்சு நிரப்பிய இலேசான துணி மார்பகத்தை உள்ளாடையில் வைத்துக்கொள்ளலாம். ஆறேழு வாரத்துக்குப்பின் சிலிக்கோன் மார்பகம் பொருத்தலாம். அதன் எடை இரு தோள்களையும் சமனாக வைக்க உதவும். எதையும் அணியாமல் தட்டையாகவே இருக்க விரும்புவோரும் உண்டு, அதுவும் குறையன்று. சேலை உடுத்துவோர் இரவிக்கையைப் புதிதாகத் தைக்கக் கொடுக்கும்பொழுது, உட்புறம் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை வைக்கவும், அறுவை நடந்த பக்கத்துக் கைக்குழியைச் சற்றுத் தளர்வாக வெட்டவும் தையற்காரரிடம் சொல்ல வேண்டும்.