கத்தி காட்டும் வேதியியல்

பொள்ளாச்சித் தோப்புகளில் தென்னங்குருத்து அழுகாமலிருக்க மழைக்கு முன்பே போர்டோ கலவை தெளிப்பார்கள். ஒரு சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றினால் தாமிரமும் கால்சியமும் இடம் மாறிக்கொள்ளும். இளநீலக் கூழாகத் திரளும். இது இரட்டை இடப்பெயர்ச்சி வினை.

இப்போது பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் முக்குங்கள். செந்நிறம் படிந்தால் துத்தம் மிச்சமிருக்கிறது; இரும்பு கரைந்து தாமிரத்தை வெளியே தள்ளியிருக்கிறது. இது ஒற்றை இடப்பெயர்ச்சி. பாடப் புத்தகத்தின் இரண்டு வினைகளும் ஒரே டிரம்மில்!

அப்படியே தெளித்தால் குருத்து கருகிவிடும். சுண்ணாம்புப் பால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். கத்தி நிறம் மாறாமல் வந்த பிறகே தெளிப்பானைத் தோளில் மாட்டுங்கள்.